மணி அடித்ததும் குரைக்கும் நாய்

வாசல் மணி அடித்தவுடன் குரைத்துக்கொண்டே கதவுக்குப் பாய்வது வீட்டு நாய்களிடம் மிகப் பரவலான பழக்கம். வீட்டார் திட்டியும் கொஞ்சியும் கெஞ்சியும் மாற்றப் பார்த்து, கடைசியில் கைவிடுவதும் பெரும்பாலும் இதைத்தான்.

மதிய நேரத்தில், கூடத்துத் தரையின் குளிர்ச்சியில் வயிற்றைப் பரப்பிப் படுத்திருக்கும் நாய் உறங்குவதுபோலத்தான் இருக்கும். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதே அதன் ஒரு காது திரும்பிவிடும். மணி ஒலித்ததும் டைல்ஸில் நகங்கள் வழுக்க எழுந்து ஓடும். கால்மிதி சுருண்டு ஒதுங்க, கதவில் போய் முட்டும். உள்ளேயிருந்து யாராவது “ஏய், சும்மா இரு!” என்று கத்துவார்கள். வெளியே நிற்கும் கூரியர்காரர் ஓரடி பின்னால் நகர்வார். கதவு ஒரு சாண் திறக்கும், பொட்டலம் கைமாறும், அவர் படியிறங்கிப் போய்விடுவார். நாய் கதவிடுக்கை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு வந்து பழைய இடத்திலேயே படுத்துக்கொள்ளும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு நிமிடத்தில் நாய் என்ன கற்றுக்கொண்டது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பழக்கத்தில் கைவைக்க முடியாது.

நாயின் கணக்கில் அது முழு வெற்றி. அறிமுகமில்லாத ஒருவர் வாசலுக்கு வந்தார், அது குரைத்தது, அவர் போய்விட்டார். பொட்டலம் கொடுக்கத்தான் வந்தார், கொடுத்ததும் எப்படியும் போயிருப்பார் என்பதை நாய்க்கு யாரும் சொல்ல முடியாது. பால், பேப்பர், கேஸ் சிலிண்டர், மின்கணக்கு எடுப்பவர், நன்கொடைச் சீட்டோடு வருபவர் என்று வாசலுக்கு வருவோரில் பெரும்பாலானோர் இரண்டு நிமிடத்தில் திரும்பிப் போகிறவர்கள். அத்தனை பேரையும் தன் குரலால் விரட்டியதாகவே நாயின் அனுபவம் பதிவாகிறது. இப்படி ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான முறை பலன் தந்த ஒரு செயலை அது விட்டுவிடக் காரணமே இல்லை.

செயலைப் பலன்தான் நிலைநிறுத்துகிறது என்பதை உளவியலாளர் எட்வர்டு தார்ண்டைக் 1898-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். மரச்சட்டங்களால் ஆன கூண்டுக்குள் பசித்த பூனையை அடைத்து, வெளியே உணவை வைத்தார். உள்ளே ஒரு கயிற்றை இழுத்தாலோ மிதியை மிதித்தாலோ கதவு திறந்துகொள்ளும். முதல் தடவை பூனை பிறாண்டியது, கடித்தது, இடுக்கில் உடலை நுழைக்கப் பார்த்தது. தற்செயலாகத்தான் கயிறு காலில் மாட்டியது. அடுத்தடுத்த தடவைகளில் வீண் முயற்சிகள் குறைந்து, வெளியேற எடுக்கும் நேரமும் குறைந்துகொண்டே வந்தது. நாய்களையும் கோழிக்குஞ்சுகளையும் வைத்து அவர் இதே போன்ற சோதனைகளைச் செய்தார். ஆசிரியர் பயிற்சி நூல்களில் ‘முயன்று தவறிக் கற்றல்’ என்று படிப்பது இதைத்தான். கதவருகே குரைக்கும் நாயும் இதே வழியில்தான் கற்றது.

ஆனால் குரைப்பு மட்டுமே கதை அல்ல. அதற்கு முன்பே இன்னொன்று நடந்துவிடுகிறது. செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லவ், உணவுக்குச் சற்று முன்பு ஓர் ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால், பிறகு அந்த ஒலிக்கே நாயின் வாயில் உமிழ்நீர் சுரப்பதைக் காட்டினார். மணி என்றே உலகம் சொன்னாலும், அவருடைய ஆய்வுக்கூடத்தில் மெட்ரோனோம், பஸ்ஸர் முதலிய பல தூண்டல்களும் பயன்பட்டன. உமிழ்நீர் சுரப்பது நாய் யோசித்து எடுக்கும் முடிவு அல்ல. உடல் தானாகச் செய்வது. வாசல் மணிக்கும் இப்படித்தான். மணி, உடனே அந்நியர் என்ற இணைப்பு பலமுறை நடந்தபின், மணியொலி ஒன்றே நாயின் நெஞ்சைப் படபடக்க வைக்கப் போதும். அடுக்குமாடி வீடுகளில் மணிக்கு முந்திய ஒலிகளும் இந்தச் சங்கிலியில் சேர்ந்துகொள்கின்றன: லிப்ட் கதவு திறப்பது, அந்தத் தளத்தில் காலடி நெருங்குவது, வெளிக்கதவுக் கொண்டி. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் செவி ஏறத்தாழ 45,000 வரை எட்டும். வீட்டார் எதையும் கேட்காத நேரத்திலேயே நாய் எழுந்து நிற்பதில் வியப்பில்லை.

ஆக, இங்கே இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. மணிக்கு உடல் படபடப்பது ஒன்று. அந்தப் படபடப்பில் குரைத்து, பலன் கண்டு, அதையே திரும்பச் செய்வது இன்னொன்று. மற்ற நேரங்களில் “உட்கார்” என்றதும் உட்காரும் நாய், மணி அடித்தபின் அதே சொல்லைக் காதிலேயே வாங்காதது ஏன் என்ற கேள்விக்கும் இதில் விடை இருக்கிறது. சொல்லைக் கேட்டுச் செயல்படும் நிலையை அதன் உடல் அப்போது தாண்டிவிட்டது. அதை அடம் என்றும் திமிர் என்றும் பெயரிடுவது நாய்க்குச் செய்யும் அநியாயம். அந்த நேரத்தில் வீட்டார் போடும் சத்தம், வாசலில் ஏதோ ஆபத்து என்ற அதன் முடிவை உறுதிப்படுத்தவே உதவும்.

குரைப்பைப் பற்றியே சிறிது சொல்ல வேண்டும். நாயின் காட்டு உறவினரான ஓநாய் அரிதாகவே குரைக்கும். மனிதரோடு சேர்ந்து வாழத் தொடங்கியபின் நாயிடம் அது பெருகியது. தேனி மாவட்டத்துக் கோம்பை போன்ற காவல் நாய்களைத் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் தேர்ந்தெடுத்ததே அந்நியர் வந்தால் குரல் கொடுக்கும் என்பதற்காக. நம் வீடுகளில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் வெள்ளை ஸ்பிட்ஸின் வாயும் ஊரறிந்தது. புடாபெஸ்ட்டின் எட்வோஸ் லோராண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஹங்கேரியின் மூடி இன மேய்ச்சல் நாய்களின் குரைப்பைப் பல சூழல்களில் பதிவுசெய்து மனிதர்களிடம் போட்டுக் காட்டினார்கள். எந்தக் குரைப்பு எந்தச் சூழலில் எழுந்தது என்பதைக் கேட்டவர்கள், குருட்டு ஊகத்தைவிட நன்றாகவே கணித்ததாக 2005-இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. அந்நியரைக் கண்டு எழும் குரைப்பு தாழ்ந்த சுருதியில், கரகரப்பாக, இடைவெளியின்றி வரும். தனியே விடப்பட்ட நாயின் குரைப்பு சுருதி உயர்ந்து, விட்டுவிட்டுக் கேட்கும். பயிற்சியைத் தொடங்கும் முன் இரண்டு நாள் காதுகொடுத்துக் கேட்பது நல்லது. வாலையும் இடுப்பையும் சேர்த்து ஆட்டிக்கொண்டு கீச்சென்று குரைக்கும் நாய் விருந்தாளியை வரவேற்கத் துடிக்கிறது. உடல் விறைத்து, எடை முன்கால்களில் இறங்க, கரகரத்துக் குரைக்கும் நாய் அவரைத் தள்ளி நிற்கச் சொல்கிறது. இரண்டுக்கும் வழிமுறை ஒன்றுதான் என்றாலும், முன்னதற்கு ஒரு வாரத்தில் நடப்பது பின்னதற்குப் பல வாரம் இழுக்கலாம்.

“கண்டுகொள்ளாமல் விட்டால் தானே அடங்கிவிடும்” என்ற அறிவுரை எல்லோர் வாயிலும் இருக்கிறது. பலன் நின்றால் செயலும் நிற்கும் என்ற விதி உண்மையானதே. ஆனால் இந்தப் பழக்கத்தில் அது ஏன் பலிக்கவில்லை என்பதை விளக்க, 1930-களில் உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னரின் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒன்று உதவும். பெட்டிக்குள் இருக்கும் எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் ஓர் உணவு உருண்டை விழும். அந்த உருண்டைகளை ஸ்கின்னர் மருந்துக்கடை மாத்திரை அச்சு ஒன்றில் தம் கையாலேயே செய்துகொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை பிற்பகலில் இருப்பை எண்ணிப் பார்த்தபோது, திங்கள் காலைக்குள் அது தீர்ந்துவிடும் என்று தெரிந்தது. மீதி நாளை மாத்திரை உருட்டுவதில் கழிக்க மனமில்லாமல், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் உருண்டை தருவதை நிறுத்தி, நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் கிடைக்கும்படி மாற்றினார். எலிகள் சோர்ந்துவிடவில்லை; சீராக அழுத்திக்கொண்டே இருந்தன. சார்லஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து அவர் 1957-இல் வெளியிட்ட பெரிய நூல் முழுக்க முழுக்க இத்தகைய விட்டுவிட்டுக் கிடைக்கும் பலன்களைப் பற்றியது. எப்போதும் பலன் கிடைத்த செயலைவிட, எப்போதாவது பலன் கிடைத்த செயல்தான் பலன் நின்றபிறகும் நீண்ட நாள் நீடிக்கிறது.

இதை வாசலுக்குக் கொண்டுவந்தால் நிலைமை விளங்கும். வீட்டில் நான்கு பேர் இருக்கிறார்கள். மூன்று பேர் குரைப்பைக் கண்டுகொள்வதில்லை. பாட்டி மட்டும் பொறுக்க முடியாமல் வாரத்துக்கு இரண்டு முறை ஒரு பிஸ்கட்டைத் தூக்கிப் போடுகிறார். அந்த இரண்டு பிஸ்கட், குரைப்பைத் தினமும் பிஸ்கட் போட்டதைவிட உறுதியாக ஊன்றிவிடுகிறது. போதாததற்கு, பலன் நின்ற தொடக்க நாட்களில் செயல் குறையாமல் கூடுவதும் உண்டு; வழக்கமாகத் திறக்கும் கதவு திறக்காதபோது மனிதர்கள் கைப்பிடியை இன்னும் ஓங்கி உலுக்குவதுபோல, நாய் முன்னைவிட உரக்கக் குரைக்கும். வீட்டார் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். அதனால் நாய் கற்பது, இன்னும் சத்தமாகக் குரைத்தால் போதும் என்பதை. எல்லாவற்றுக்கும் மேலாக, முதன்மையான பலன் வீட்டாரின் கையிலேயே இல்லை. கூரியர்காரர் போய்விடுவதுதான் அந்தப் பலன். அதை நிறுத்திவைக்க யாராலும் ஆகாது.

எனவே குரைப்பை அடக்கப் பார்ப்பதைவிட, மணிக்கு வேறொரு பொருளையும் வேறொரு வேலையையும் நாய்க்குக் கொடுப்பதுதான் வழி. விரிப்பில் படுத்திருக்கும் நாய் அதே நேரத்தில் கதவில் முட்ட முடியாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சோஃபியா யின் தம் குழுவோடு 2008-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பிரச்சினையையே எடுத்துக்கொண்டது. தொலைவிலிருந்து பொத்தானை அழுத்தினால் தீனியைத் தள்ளும் ஒரு கருவியை விரிப்பின் அருகே வைத்து, ஆள் வந்ததும் விரிப்புக்குப் போய்ப் படுக்க நாய்களைப் பழக்கினார்கள். குரைப்பதும் தாவுவதும் வாசலில் முண்டுவதும் குறைந்தன. கருவி இல்லாத வீட்டிலும் இதே முறை நடக்கும். கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பயிற்சிக் காலத்தில் பழைய பழக்கம் தினமும் ஒத்திகை பார்க்கப்படக் கூடாது. வாசலில் “மணி அடிக்க வேண்டாம், போன் செய்யவும்” என்று எழுதி ஒட்டுவது, பொட்டலங்களைக் கீழே காவலாளியிடம் கொடுக்கச் சொல்வது, ஆள் வரும் நேரம் தெரிந்தால் நாயை உள் அறையில் வைப்பது எல்லாம் இதற்காக. காலையில் பத்து நிமிடம் கற்றதை மதியம் மூன்று பேர் வந்து அழித்துவிட்டுப் போனால் எந்த நாயும் தேறாது.

விரிப்பாக ஒரு பழைய போர்வையோ சாக்கோ போதும். கதவு தெரியும் இடத்தில், ஆனால் அதிலிருந்து எட்டுப் பத்து அடி தள்ளி அதை விரிக்க வேண்டும். தீனி, நாய் மற்ற நேரத்தில் பார்க்காத உசத்தியான ஒன்றாக இருப்பது நல்லது: உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி, பட்டாணி அளவுத் துண்டுகளாக. அவித்த முட்டையும் ஆகும். வெங்காயம், பூண்டு, உலர்திராட்சை, சாக்லேட் நாய்க்கு நஞ்சு. குழம்பில் வெந்த கறித்துண்டை எடுத்துப் போடுவதில் இந்த ஆபத்தும் சேர்ந்தே இருக்கிறது. பயிற்சியில் தின்பதற்கு ஈடாக அன்றைய சோற்றைக் குறைக்காவிட்டால் நாய் பருத்துவிடும்.

தொடக்கத்தில் மணி வேண்டாம், கட்டளையும் வேண்டாம். நாயின் ஒரு கால் விரிப்பில் பட்ட அந்தக் கணத்தில் “சரி” என்று சொல்லி, ஒரு துண்டை விரிப்பின் மேலேயே போட வேண்டும். கையிலிருந்து ஊட்டினால் நாயின் நாட்டம் கையைச் சுற்றியே இருக்கும்; விரிப்பில் விழுந்தால் விரிப்பின் மேல் திரும்பும். சொல் அந்தக் கணத்திலேயே வருவது முக்கியம். இரண்டு மூன்று நொடி தாமதித்தால், நாய் அதற்குள் விரிப்பைவிட்டு இறங்கியிருக்கும். இறங்கியதற்குக் கூலி கிடைத்ததாக ஆகிவிடும். பத்துப் பன்னிரண்டு முறைக்குப் பின் பெரும்பாலான நாய்கள் தாமாகவே போய் விரிப்பில் நின்று நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வையைக் கண்டவர்களுக்குத் தெரியும், விஷயம் உள்ளே இறங்கிவிட்டது என்று. பிறகு நிற்பதற்குத் துண்டு கிடையாது, உட்கார்ந்தால் உண்டு. பிறகு படுத்தால் மட்டும். படுத்தபின் இரண்டு நொடி, ஐந்து நொடி, இடையில் மூன்று நொடி, பிறகு பத்து என்று இடைவெளி ஏறியும் இறங்கியும் வளர வேண்டும். எப்போதும் கூடிக்கொண்டே போனால் நாய் சலித்துவிடும்.

அடுத்தது கதவு. நாய் படுத்திருக்க, பயிற்சி தருபவர் கதவுப் பக்கம் ஓரடி வைத்துத் திரும்பிவந்து ஒரு துண்டு போடுகிறார். பிறகு இரண்டடி. பிறகு கதவைத் தொட்டுவிட்டு வருவது. தாழ்ப்பாளின் சத்தம் பல நாய்களுக்கு மணிக்குச் சமம். அதைத் தனிப் பாடமாகவே எடுத்து, பாதி இழுப்பது, முழுக்க இழுப்பது, கதவை விரல்கடை அளவு திறப்பது என்று பிரிக்க வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான். ஆனால் பயிற்சி தோற்கும் வீடுகள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். விரிப்பு பழகியவுடன் நேராக விருந்தாளியை வரவழைத்துவிடுகிறார்கள்.

மணிப் பாடம் இதற்கு இணையாகத் தனியே நடக்க வேண்டும். வீட்டு மணியைக் கைபேசியில் பதிவுசெய்து, மிகத் தாழ்ந்த ஒலியில் போட வேண்டும். நாயின் காது அசைய வேண்டும், குரைப்பு வரக் கூடாது. மணி ஒலித்து ஒரு நொடி கழித்துத் தீனி. வரிசை மாறவே கூடாது. தீனிப் பொட்டலத்தைப் பிரிக்கும் சத்தம் முதலிலும் மணி பிறகுமாக வந்தால், மணி எதையும் முன்னறிவிப்பதில்லை. உணவுக்குப் பின்னால் வரும் ஒலி உமிழ்நீரைச் சுரக்கவைப்பது அரிது என்பதைப் பாவ்லவின் ஆய்வுக்கூடமும் கண்டது. ஒரு தடவைக்குப் பத்து முறை, ஐந்து நிமிடம், பிறகு நிறுத்திவிட வேண்டும். சில நாட்களில் மணி கேட்டதும் நாய் கதவைப் பார்ப்பதற்குப் பதில் தீனி வரும் கையைத் திரும்பிப் பார்க்கும். மணியின் பொருள் மாறத் தொடங்கியதற்கு அதுவே அடையாளம். அதன் பின்னரே ஒலியைக் கூட்ட வேண்டும், கைபேசியைக் கதவுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும், கடைசியாக உண்மையான மணியை அழுத்த வேண்டும். சில நாய்கள் பதிவுசெய்த ஒலியைப் பொருட்படுத்துவதே இல்லை. அவற்றுக்கு நிஜ மணியைத் துணி சுற்றி மங்கவைத்துப் பழக்கலாம். இன்னும் சுருக்கமான வழி, மணியையே மாற்றிவிடுவது. குருவிபோல் கீச்சிடுவது, மந்திரம் ஒலிப்பது என்று கடைகளில் எத்தனையோ மணிகள் கிடைக்கின்றன. புதிய ஒலிக்குப் பழைய நினைவு எதுவும் கிடையாது. அது முதன்முறை ஒலிக்கும்போதே கோழித்துண்டோடு ஒலிக்கச் செய்யலாம்.

இரண்டு பாடங்களும் தேறியபின் சேர்க்க வேண்டும்: மணி, விரிப்பு, தீனி. முதலில் வீட்டில் உள்ளவரே வெளியே போய் மணி அடிப்பார், பிறகு நாய் நன்கறிந்த பக்கத்து வீட்டுக்காரர், பிறகு நண்பர், எல்லோருக்கும் கடைசியில் கூரியர்காரர். எந்தப் படியிலாவது நாய் குரைத்துவிட்டால் திட்டுவதற்கு ஒன்றுமில்லை. அந்தப் படி உயரமாக இருந்தது என்று பொருள். ஒரு படி இறங்கி மறுபடி ஏற வேண்டும்.

பக்கத்து வீட்டாரின் புகார் வந்தபின் இந்தப் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நாய் குரைக்கிறது என்பதையே காரணமாக வைத்துக் குடியிருப்புச் சங்கங்கள் செல்லப் பிராணிகளைத் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நாயை அமைதியாக வைத்திருக்க, குறிப்பாக இரவில், வளர்ப்பவர்கள் முயல வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் கேட்டுக்கொள்கிறது. நெருக்கடியில் சிலர் குச்சியை எடுக்கிறார்கள். சிலர் மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையை இணையத்தில் வாங்குகிறார்கள். அது குரைப்பை நிறுத்தவும் கூடும். ஆனால் பாவ்லவின் விதி அப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்: மணி, அந்நியர், வலி என்ற புதிய இணைப்பு உருவாகும். அந்நியரைப் பார்த்துத் தயங்கிய நாய் இப்போது அவரை அஞ்சும். எச்சரிக்கையாக உறுமுவதற்கும் அடிபட்ட நாய் ஒருநாள் உறுமாமலே கடிக்கலாம். போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களைக் கவனித்து 2020-இல் வெளியான ஆய்வில், தண்டனை கலந்த பயிற்சி பெற்ற நாய்கள் தீனி வழிப் பயிற்சி பெற்றவற்றைவிடப் பயிற்சியின்போது அதிக மன அழுத்த அறிகுறிகளைக் காட்டின. அவற்றின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் பயிற்சிக்குப் பின் கூடுதலாக ஏறியிருந்தது. வேல்ஸ் நாடு மின்னதிர்ச்சிப் பட்டைகளை 2010-இலேயே தடைசெய்துவிட்டது.

எல்லாக் குரைப்பும் இந்த முறைக்குள் அடங்காது. அமைதியாக இருந்த நாய் திடீரெனக் குரைக்கத் தொடங்கினால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வலியும், மூப்பில் மங்கும் பார்வையும் செவியும் மூளையும் நாயைத் திடுக்கிட வைக்கும். மணி ஒலித்ததும் நடுங்கிக் கட்டிலடியில் ஒளிவது, நின்ற இடத்திலேயே சிறுநீர் கழிப்பது, ஏற்கெனவே ஒருவரைக் கடித்திருப்பது ஆகியவை வீட்டுப் பயிற்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. தனியே விடும்போது மட்டும் குரைப்பது பிரிவுத் துயரம். அதற்கு மருத்துவம் வேறு.

பழகிய நாயும் எப்போதாவது வழுக்கும். மறைந்துபோன எதிர்வினை ஓய்வுக்குப் பின் தானாகத் தலைகாட்டுவதைப் பாவ்லவ் தம் நாய்களிடமே கண்டார். குடும்பம் பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பிய மறுநாள் மணி அடிக்கும்போது, நாய் பழைய வேகத்தில் கதவுக்கு ஓடலாம். கற்றதெல்லாம் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. இரண்டு நாள் தாழ்ந்த ஒலியில் மணியைப் போட்டு, விரிப்பில் தாராளமாகத் தீனி போட்டால் பழைய நிலை திரும்பும். அன்றாடத்தில் ஒவ்வொரு மணிக்கும் கோழித்துண்டு தேவைப்படாது. மூன்று மணிக்கு ஒன்று, சில நாள் ஐந்துக்கு ஒன்று, திடீரென அடுத்தடுத்து இரண்டு என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பாட்டியின் பிஸ்கட் எந்த விதியால் குரைப்பை ஊன்றியதோ, அதே விதி இப்போது நாயை விரிப்பில் ஊன்றிவைக்கும். பாட்டி தம் பிஸ்கட்டை விரிப்பில் போட்டால் போதும்.